787-ஆ, 737-ஆ? ஆள்குறைப்பு நேரத்தில் ஒரு பைலட்டின் சம்பளக் கணக்கு

கேள்வி: வணக்கம் சார். அமெரிக்காவில் ஒரு பெரிய விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை பைலட்) இருக்கிறேன், வயது 38. ஐடி வேலையை விட்டு, கடன் வாங்கிப் பறக்கக் கற்றுக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தவன். இப்போது நான் ஓட்டும் 767 விமானங்களை நிறுத்தப் போகிறார்கள். கூடவே 900 பைலட்டுகள் வரை குறைப்போம் என்றும் அறிவித்திருக்கிறார்கள். 9,000 பேர் உள்ள சீனியாரிட்டி பட்டியலில் என் எண் 7,400. எந்த விமானத்துக்குப் போகிறேன் என்று அடுத்த வாரத்துக்குள் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். 737 என்றால் டெக்சஸில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பேஸ் (பணி தொடங்கும் விமான நிலையம்), மணிக்கு 210 டாலர். பெரிய விமானமான 787 என்றால் மணிக்கு 255, ஆனால் பேஸ் மூன்று மணி நேரப் பறப்புத் தூரம், வருடக்கணக்கில் ரிசர்வில்தான் (கூப்பிட்டால் போகக் காத்திருக்கும் பணி) இருக்க வேண்டும். இன்னொரு ஊரில் 737 கேப்டன் இடமும் கிடைக்கும் போலிருக்கிறது. மாதம் 73 மணி நேரச் சம்பளம் உத்தரவாதம், அது போக, சம்பளத்தில் 17 சதவீதத்தை ஓய்வுக்கால 401(கே) கணக்கில் கம்பெனி போடும். பெரிய விமானத்தில் இருந்தால் வேலை போகாது என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் 3,400 டாலர், கோயம்புத்தூரில் வாங்கிய மனைக்கு மாதம் 55,000 ரூபாய், கையிருப்பு 28,000 டாலர். மனைவிக்கு மருத்துவமனையில் பகுதி நேர வேலை. முழு நேரம் வரச் சொல்கிறார்கள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்று யோசிக்கிறாள். எதை எடுக்கட்டும்? (பெயர் வேண்டாம், டெக்சஸ்)

பதில்: முதலில் அந்தப் "பெரிய விமானத்தில் இருந்தால் வேலை போகாது" பேச்சை ஓரமாக வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் யூனியன் ஒப்பந்தப்படி ஆட்களை நிறுத்துவது சீனியாரிட்டி பட்டியலின் அடியிலிருந்துதான். நீங்கள் 737 ஓட்டுகிறீர்களா 787 ஓட்டுகிறீர்களா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே. 900 பேரை நிறுத்தினால் 8,101 முதல் 9,000 வரை உள்ளவர்கள் போவார்கள். உங்களுக்குக் கீழே 1,600 பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் போன பிறகுதான் உங்கள் எண் வரும். அது நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. நடந்தால் எந்த விமானத்தில் இருந்தாலும் நடக்கும் என்கிறேன்.

2020-ஐப் பாருங்கள். டெல்டா தன்னிடமிருந்த 18 போயிங் 777 விமானங்களையும் அந்த அக்டோபரோடு நிறுத்தியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டியலின் மேல்பகுதிக்காரர்கள், கம்பெனியில் யாருக்கும் குறைவில்லாத சம்பளம் வாங்கியவர்கள். விமானம் போய்விட்டது என்பதற்காக அவர்கள் தெருவுக்கு வரவில்லை. தங்கள் எண்ணுக்குக் கிடைக்கும் அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தார்கள், அங்கே இருந்தவர் இன்னொருவரை நகர்த்தினார், அவர் அடுத்தவரை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு 757, 767, ஏ330, எம்ப்ரேயர் 190 என்று வரிசையாக மூடியது, அங்கேயும் இதே கதைதான். ஆக, எந்த விமானம் என்பதை வைத்து வேலையைக் காப்பாற்ற முடியாது. மாதச் சம்பளம், வீட்டில் இருக்கும் நாட்கள், அடுத்த இரண்டு மூன்று வருட வாழ்க்கை, இவற்றைத்தான் நீங்கள் இப்போது தேர்ந்தெடுக்கிறீர்கள்.

(இந்தியாவில் பைலட்டாக இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, உள்ளூரில் வேறு யார் ஓட்டும் விமானத்துக்கு உங்களிடம் டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது. அங்கே விமான வகை முக்கியம், ரொம்பவே முக்கியம். அது வேறு கணக்கு.)

இனி சம்பளம். மேலோட்டமாகப் பார்த்தால் 787-க்கு 73 மணிக்கு 18,615 டாலர், 737-க்கு 15,330. மாதம் 3,285 டாலர் வித்தியாசம், வருடத்துக்கு 39,000-க்கு மேல். யாருக்கும் ஆசை வரும். ஆனால் இரண்டையும் உத்தரவாத மணிக்கணக்கில் ஒப்பிடுவது சரியில்லை. 787-இல் நீங்கள் பட்டியலின் வாலில் ரிசர்வில் உட்கார்ந்திருப்பீர்கள், 73-க்கு மேல் வந்தால் அதிர்ஷ்டம். 737-இல் சொந்தமாக லைன் (முன்கூட்டியே தெரியும் மாதப் பறப்பு அட்டவணை) கிடைத்தால் 82 மணி வைத்துக்கொள்ளலாம், அப்போது 17,220 டாலர். வித்தியாசம் 1,395-ஆகச் சுருங்கிவிடுகிறது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, மத்திய வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் போனால் கையில் ஆயிரத்துச் சொச்சம். அதிலிருந்து கிராஷ் பேட் (பைலட்டுகள் பங்கிட்டுத் தங்கும் அறை) வாடகை, முதல் நாள் ராத்திரியே போய்ச் சேர வேண்டியிருக்கும்போது ஓட்டல், பார்க்கிங், விமான நிலையத்துச் சாப்பாடு என்று மாதம் 700 டாலராவது கழியுங்கள். ஆறு பேர் ஒரு அறையில் பங்க் கட்டிலில் படுத்து, ரிசர்வ் ஃபோன் எப்போது அடிக்கும் என்று காத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் காசு அது. மிச்சம் முந்நூறு சொச்சம். 17 சதவீதத்தில் 401(கே)-க்குக் கூடுதலாக வரும் 237 டாலரையும் சேர்த்தால் 600-க்குக் கொஞ்சம் கீழே. வருடம் 39,000 என்று பார்த்தது 7,000-க்கு வந்து நிற்கிறது.

சரி, 737-இல் லைன் கிடைக்கும் என்று யார் சொன்னது? நல்ல கேள்வி. விருப்பம் எழுதும்போது பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடமும் இதுதான். இன்றைய 737 பட்டியலில் உங்கள் எண்ணை வைத்துப் பார்த்து "நடுவில் வருகிறேன், லைன் உறுதி" என்று நினைப்பார்கள். ஆனால் 767-ஐ மூடும்போது உங்களைவிடச் சீனியரான பலர் அதே 737-க்கு, அதுவும் வீட்டுப் பக்கத்துப் பேஸுக்கு இறங்கி வருவார்கள், கேப்டனாக இருந்து ஃபர்ஸ்ட் ஆபீசராக இறக்கப்படுபவர்களும் வந்து சேருவார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் யூனியன் ஆட்கள் இதற்கு ஒரு எக்செல் ஷீட் போட்டு வைத்திருப்பார்கள், எப்போதும் போடுவார்கள், கேட்டு வாங்குங்கள். அதில் அடி 15 சதவீதத்துக்குள் விழுகிறீர்கள் என்றால் 737-இலும் ரிசர்வ்தான். அப்போது வரி, கிராஷ் பேட் எல்லாம் போக 787 மாதம் 1,700 டாலர் அளவுக்கு முன்னால் நிற்கும், 401(கே) தனி. மறைக்க ஒன்றுமில்லை, அது பெரிய தொகைதான்.

அப்படியிருந்தும் நான் 737 என்றுதான் சொல்வேன். உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் காரணம்: மனைவியை முழு நேர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு ஆள்குறைப்பிலிருந்து உண்மையான பாதுகாப்பு அது ஒன்றுதான். உங்கள் 1,600 பேர் இடைவெளியும் இல்லை, 787-உம் இல்லை. முழு நேரம் என்றால் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து வரும். உங்களை நிறுத்தினால் கம்பெனிக் காப்பீட்டைக் கோப்ரா சட்டப்படி 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும், நாலு பேர் குடும்பத்துக்கு அது வீட்டுக் கடன் தவணைக்குப் பக்கத்தில் கூடப் போய் நிற்கும். டெக்சஸில் வேலையில்லாதோர் உதவித்தொகையோ அதிகபட்சமே வாரம் அறுநூறு டாலரை ஒட்டித்தான். மனைவி முழு நேர வேலைக்குப் போக வேண்டுமென்றால் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும்போது வீட்டில் ஒருவர் வேண்டும். ரிசர்வ் நாட்களுக்கு மேல் போகவர என்று மாதம் ஐந்தாறு நாளைத் தொலைத்துவிட்டு வரும் 787 ஃபர்ஸ்ட் ஆபீசரால் அது முடியாது. 737-இல் ரிசர்வில் இருந்தாலும் வீட்டிலிருந்தே ஃபோனை எடுப்பீர்கள்.

கேப்டன் இடத்தை இப்போது தொடாதீர்கள். சம்பளம் எங்கோ போகும், தெரியும். ஆனால் ஆள்குறைப்பு நேரத்தில் முதலில் இறக்கப்படுபவர் கடைசியாக ஏறிய கேப்டன். ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் 2025-இல் 270 பைலட்டுகளை நிறுத்தப் போவதாகச் சொன்னபோது, கூடவே சுமார் 140 கேப்டன்களை ஃபர்ஸ்ட் ஆபீசர் இருக்கைக்கு இறக்குவதாகவும் அறிவித்தது. கேப்டன் சம்பளத்தைப் பார்த்து வண்டி மாற்றி, வீடு மாற்றி, ஆறு மாதத்தில் இறங்கினால் அந்தத் தவணைகள் மட்டும் கூடவே இறங்காது. தவிர, ஏறும்போது ஒரு பயிற்சி, இறங்கும்போது ஒரு பயிற்சி. அந்த வாரங்களில் கூடுதல் மணி எடுத்துச் சம்பாதிக்கவும் வழி இல்லை.

விருப்பம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கம்பெனியே இடம் மாற்றினால் எத்தனை மாதம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற பூட்டு இருக்கிறதா, பழைய சம்பளத்துக்குப் பாதுகாப்பு உண்டா, குடிபெயரும் செலவு தருவார்களா. பல ஒப்பந்தங்களில் தானாகக் கேட்டுப் போனவருக்கு ஒரு விதி, இடித்துத் தள்ளப்பட்டவருக்கு வேறு விதி. பூட்டு இல்லையென்றால் நிலைமை தெளிந்ததும் 787 கேட்டுப் போகலாம், கதவு மூடிவிடாது.

இன்னொன்று, உத்தரவாத மணி 73 என்பது கல்லில் வெட்டியதல்ல. 2020 கடைசியில் டெல்டா பைலட்டுகள் ஆட்களை நிறுத்தாமல் இருப்பதற்காக உத்தரவாத மணியில் 5 சதவீதம் வரை குறைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். உங்கள் இடத்திலும் அப்படி ஓட்டெடுப்பு வரலாம். வந்தால் 737-இல் மாதம் 770 டாலர் போகும் என்று இப்போதே பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விருப்ப ஓய்வு அறிவித்து மூத்தவர்கள் நிறையப் பேர் போனால் நிறுத்தப்படுபவர் எண்ணிக்கை குறையும், அதையும் கவனியுங்கள். 2020-இல் டெல்டாவில் 1,700-க்கும் மேற்பட்ட பைலட்டுகள் அப்படிப் போனார்கள்.

கையிருப்புக்கு வருவோம். 28,000 டாலர் போதாது. வீட்டுத் தவணை, மனைத் தவணை, சாப்பாடு, கார், காப்பீடு எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு மாதம் எட்டாயிரமாவது ஆகும், அதாவது மூன்றரை மாதம் தாங்கும். 2020 அக்டோபரில் அமெரிக்கன் நிறுத்திய சுமார் 19,000 ஊழியர்களை அரசின் சம்பள உதவி நீண்டதால் டிசம்பரிலேயே திருப்பிக் கூப்பிட்டார்கள். ஆனால் 2001-க்குப் பிறகு நிறுத்தப்பட்டவர்களில் சிலர் பத்தாண்டு கூடக் காத்திருந்தார்கள். 50,000 வரும் வரை 401(கே)-யில் உங்கள் சொந்தப் பங்கை நிறுத்தி வையுங்கள். வழக்கமாக நான் இதைச் சொல்லவே மாட்டேன். கம்பெனியின் 17 சதவீதம் நீங்கள் போடாவிட்டாலும் வருகிறது என்பதால்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கிலிருந்து கடன் மட்டும் எடுக்காதீர்கள், வேலை முடிந்து கட்ட முடியாமல் போனால் அது எடுத்த பணமாகக் கருதப்பட்டு வரியும் 10 சதவீத அபராதமும் விழும்.

சேமிப்பை டாலரிலேயே, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். ஊரில் வட்டி அதிகம் என்று என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட்டில் போட்டால் ஒரு வருடத்துக்குள் உடைக்கும்போது வட்டியே கிடையாது. இந்தியாவில் வரி இல்லாத அந்த வட்டிக்கு அமெரிக்காவில் வரி உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர் மனைத் தவணை நடக்கட்டும், முன்கூட்டியே அடைக்க வேண்டாம். பக்கத்து மனையும் விலைக்கு வருகிறது என்று யாராவது ஃபோன் செய்தால் இந்த வருடம் கேட்காதீர்கள்.

வீட்டின் மதிப்பை வைத்து வங்கியில் ஒரு கடன் வரம்பு வாங்கி, தொடாமல் வையுங்கள். சம்பளச் சீட்டு முழுசாக இருக்கும் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு போனால் எந்த வங்கியும் தராது, அப்புறம் கேட்டுப் பயனில்லை. மனைவியின் மருத்துவமனையில் காப்பீட்டில் எப்போது சேரலாம் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் காப்பீடு போனால் அவருடையதில் சேர வழக்கமாக 30 நாள்தான் அவகாசம்.