பிரெக்ஸிட்டுக்குப் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியதற்கு) பிறகு, ஸ்காட்லாந்து தனிநாட்டுக் கோரிக்கை பற்றி எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சியின் நிலைப்பாடு என்ன?

2024 ஜூலையில் ஆட்சிக்கு வரும்வரை லேபர் கட்சி தனிநாட்டை எதிர்த்தே வந்தது. அதில் மாற்றமில்லை. தடுமாறியதெல்லாம், ஸ்காட்லாந்து இன்னொரு பொது வாக்கெடுப்பு கேட்டால் சம்மதிப்பதா மறுப்பதா என்பதில்தான்.

ஸ்காட்லாந்து தனிநாடாவதா என்று 2014இல் நடந்த வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். 'வேண்டாம்' அணிக்குத் தலைமை தாங்கியவர் லேபரின் அலிஸ்டர் டார்லிங். கன்சர்வேட்டிவ் கட்சியும் அதே அணிதான். தனியாகப் போனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் போய்விடும் என்பது அந்த அணியின் முக்கியமான வாதம். நான் அப்போது கிளாஸ்கோவில் இருந்தேன். காமன்வெல்த் நாட்டவருக்கு வாக்கு உண்டு என்பதால் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே வாக்களித்தேன். கூட வேலை பார்த்த போலந்துக்காரரும் வாக்களித்தார். 2016இல் ஐரோப்பாவை விட்டு விலகுவதா என்று கேட்டபோது எனக்கு வாக்கு இருந்தது, அவருக்கு இல்லை. யாருடைய வாழ்க்கை அதில் அடிபடப் போகிறதோ அவரையே கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருப்போம் என்றார்கள். 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட விலகச் சொல்லவில்லை. ஆனாலும் வெளியேற வேண்டியதாயிற்று. 2014இல் சொன்ன வாதமே தலைகீழாகிவிட்டதே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று மக்கள் லேபரைக் கேட்டது நியாயம்தான்.

பதில் ஆளுக்கொன்றாக வந்தது. ஸ்காட்லாந்துப் பிரிவின் தலைவர் கெசியா டக்டேல் கூட்டாட்சி முறை பேசினார். 2017 மார்ச்சில் அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கோர்பின், இன்னொரு வாக்கெடுப்பு நடந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்; சொந்தக் கட்சியிலேயே கொந்தளித்தார்கள். 2019 ஆகஸ்டில் லேபரின் நிதித்துறைப் பொறுப்பாளர் ஜான் மெக்டானல் எடின்பரோவில், லேபர் ஆட்சி குறுக்கே நிற்காது என்றார். அப்போதைய ஸ்காட்லாந்துத் தலைவர் ரிச்சர்ட் லெனர்ட் அதை ஏற்கவில்லை. அந்த டிசம்பர் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் லேபருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

அப்புறம் கட்சித் தலைவராக வந்த கீர் ஸ்டார்மர் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை: வாக்கெடுப்பு கிடையாது, அதற்குப் பதில் கூடுதல் அதிகாரம். 2022 டிசம்பரில் முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் தலைமையிலான குழு தந்த அறிக்கையும் அதையே விரித்துச் சொன்னது. லண்டன் சம்மதிக்காமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்று அதற்கு முந்தின மாதம்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

2024இல் லேபர் ஸ்காட்லாந்தில் 37 இடங்கள் பிடித்தது. கன்சர்வேட்டிவ் ஆட்சியின் மேல் இருந்த வெறுப்பும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்குள் நடந்த குழப்பமும் தந்த வெற்றி என்றே பார்க்கிறேன். தனிநாட்டுக் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

பிரிவினையை எதிர்க்க லேபருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பிரிட்டன் என்பது விரும்பிச் சேர்ந்த ஒன்றியம் என்றால், விலக நினைப்பவர்களுக்கு வழி எது? வட அயர்லாந்துக்கு 1998 சட்டத்திலேயே அது இருக்கிறது: ஐக்கிய அயர்லாந்துக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்று தெரிந்தால், அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு வரி எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை எழுத லேபர் முன்வந்திருந்தால், அவர்களுடைய 'வேண்டாம்' என்ற வாதத்தை நானே மனதார ஆதரித்திருப்பேன்.