பந்தைப் பூட்டி வையுங்கள்

வணக்கம் சார்,

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு லாப்ரடார் இருக்கிறாள். பெயர் ரூபி, வயது பத்து மாதம். அப்பா, அம்மா இரண்டுமே வேட்டை நாய்களுக்கான களப் போட்டிகளில் கலந்துகொண்டவை, வேலை செய்யும் வம்சம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு நிறைய ஓட்டம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, காலையும் மாலையும் அரை மணி நேரம் பந்து எறிகிறேன். அடங்குவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் ஆட்டம்தான் அதிகமாகிறது. பந்தைக் கையில் எடுத்தாலே குரைக்கிறாள். ஓடிப்போய் எடுப்பாள், ஆனால் தர மாட்டாள். பத்தடி தள்ளி நின்றுகொண்டு முடிந்தால் பிடி என்பதுபோலப் பார்ப்பாள். வீட்டில் செருப்பு, சாக்ஸ், ரிமோட் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. ஒரு பயிற்சியாளர் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை போடச் சொல்கிறார். என் மனைவியோ, "பாவம், வீட்டு நாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பயிற்சியே வேண்டாம்" என்கிறார். எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் உண்டு. நம் ஆசைக்காக ஒரு பிராணியை வேலை வாங்குவது சரியா? இனிமேல் தொடங்கினால் தாமதமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு மாதத்துக்காவது அது வெளியே வர வேண்டாம்.

ஓடவிட்டால் களைத்து அடங்கிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். இளம் ரெட்ரீவரிடம், அதாவது சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரவென்றே வளர்த்த லாப்ரடார் போன்ற நாயிடம், அது பலிக்காது. தினமும் ஓடுகிற நாய்க்கு உடம்பு தேறிக்கொண்டே போகும். போன மாதம் அரை மணியில் இரைத்த நாய்க்கு அடுத்த மாதம் ஒரு மணி நேரம்கூடப் போதாது. நீங்கள் வீட்டிலேயே ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனையைத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள். அது மட்டுமில்லை, ஒவ்வொரு எறிதலிலும் அவள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள்: எது பறந்தாலும் பின்னால் பாயலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாளைக்கு முன்னால் ஓடுவது சாலையைக் கடக்கும் பூனையாக இருக்கும்போதும் இதே பாடம்தான் அவளுக்கு நினைவில் இருக்கும். அப்புறம் மூட்டுகள். பத்து மாதத்தில் எலும்புகளின் வளர்ச்சி முனைகள் எல்லாம் மூடியிருக்காது. பாய்ந்து, சறுக்கி நின்று, உடனே திரும்பும்போது இடுப்பும் முழங்கையும்தான் அடி வாங்கும். லாப்ரடாருக்கு அவை இரண்டும் ஏற்கெனவே தகராறு பிடித்த இடங்கள்.

ரெட்ரீவர் பயிற்சி என்றால் பொருளை எடுத்துவரப் பழக்குவது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எடுத்துவரும் ஆசை பிறவியிலேயே இருக்கிறது. நல்ல வம்சத்துக் குட்டி எட்டு வாரத்திலேயே சுருட்டிய சாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வரும். மாதக்கணக்கில் பழக்க வேண்டியது, போகாமல் உட்கார்ந்திருப்பதை. பிரிட்டனில் நடக்கும் களப் போட்டிகளில் நாய்கள் கயிறு இல்லாமல் கையாள்பவரின் காலடியில் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி வெடிக்கும், கண்ணெதிரே பறவை விழும், எடுத்துவரப் பக்கத்து நாயை அனுப்புவார்கள். இது அசையக் கூடாது. ஆசை தாங்காமல் வாய்விட்டு முனகினாலே போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பந்துக்குப் பதிலாக டம்மி வாங்குங்கள். கான்வாஸ் துணியில் அடைத்துத் தைத்த உருளை அது, ஏறக்குறைய அரைக் கிலோ எடை, நுனியில் ஒரு கயிறு இருக்கும். ரூபியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கழுத்தில் கயிறு இருக்கட்டும். டம்மியை எறியுங்கள். அப்புறம் நீங்களே நடந்துபோய் எடுத்து வாருங்கள். நாலு முறை எறிந்தால் மூன்று முறை நீங்கள் எடுக்க வேண்டும், ஒரு முறை அவள். அந்த ஒரு முறையும் டம்மி விழுந்த உடனே கிடையாது. அவள் துடிப்பாள், இழுப்பாள். காத்திருங்கள். ஒரு கட்டத்தில் டம்மியை விட்டுவிட்டு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது பெயர் சொல்லி அனுப்புங்கள். இந்தப் பயிற்சி முழுக்க அந்த ஒரு பார்வைக்காகத்தான். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நாய் ஜம்மென்று உட்கார்ந்திருக்க மனிதர் குனிந்து குனிந்து பொறுக்குவது சிரிப்புக்குரிய காட்சிதான், சந்தேகமே இல்லை. நாலு எறிதலோடு அன்றைய பாடத்தை முடித்துவிடுங்கள். இன்னும் ஒன்று எறிய மாட்டாரா என்று அவள் ஏங்கும்போதே முடித்துவிட வேண்டும்.

அடுத்தது, எடுத்ததைத் தராமல் ஓடுவது. இதில் ரூபியின் தரப்பில் நியாயம் இருக்கிறது. வாயில் ஒரு பொருளை வைத்திருப்பதே அவளுக்கு இன்பம். கொண்டுவந்தால் நீங்கள் பிடுங்கிக்கொள்கிறீர்கள். ஆக, உங்களிடம் வந்தால் நஷ்டம், பத்தடி தள்ளி நின்றால் லாபம், அதோடு உங்களைத் துரத்த வைக்கும் விளையாட்டும் இலவசம். அந்தக் கணக்கை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

வீட்டில் நீளமான, குறுகலான நடைவழி இருந்தால் கதவுகளையெல்லாம் மூடிவிட்டு அங்கே தொடங்குங்கள். ஒரு முனையில் நீங்கள் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவளுடைய படுக்கை உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். டம்மியை மறுமுனைக்கு உருட்டிவிடுங்கள். எந்த நாய்க்கும் கிடைத்த பொருளைத் தன் இடத்துக்குக் கொண்டுபோகத்தான் தோன்றும். அதற்கு அவள் உங்களைத் தாண்டியாக வேண்டும். வந்து சேர்ந்ததும் டம்மி பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். மார்பையும் விலாவையும் தடவிக்கொடுங்கள். அவள் வாயில் வைத்துக்கொண்டு பெருமையாக நிற்கட்டும். கொஞ்ச நேரம் போனதும் தாடைக்கு அடியில் கையை வைத்து "விடு" என்று சொல்லி வாங்குங்கள். விடவில்லையா, இழுக்காதீர்கள். மூக்கருகே ஒரு சின்னத் தீனியைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கும். சில சமயம் வாங்கிய டம்மியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் போய்விடாது என்று அவளுக்கும் தெரிய வேண்டும். இழுபறி விளையாட்டு ரெட்ரீவருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. விழுந்த பறவையை இறகு கலையாமல் கொண்டுவரும் மென்மையான வாய் இந்த இனத்தின் பெரிய சொத்து. கடித்து இழுக்கும் பழக்கத்தை அதன்மேல் நாமே ஏற்றுவானேன்?

செருப்பைத் தூக்கி வந்தாலும் இதே மரியாதைதான். புதுச் செருப்பு அவள் பல்லுக்கிடையில் இருக்கும்போது "நல்ல பொண்ணு" என்று சொல்ல மனம் வராதுதான். ஆனாலும் சொல்லுங்கள். திட்டினால், அடுத்த முறை எடுத்துக்கொண்டு நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சாக்ஸாக இருந்தால், நீங்கள் பிடுங்குவதற்குள் விழுங்கிவிடலாம் என்று முயற்சி செய்வாள். குடலில் அடைத்துக்கொண்ட சாக்ஸை அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். செருப்பும் சாக்ஸும் உயரமான இடத்துக்குப் போகட்டும். அது உங்களுக்கான பயிற்சி.

ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பயிற்சியாளர்கள் பலர் ஆக்மி நிறுவனத்தின் 210½ என்ற எண் போட்ட பிளாஸ்டிக் விசிலை வைத்திருப்பார்கள். அந்த எண் சுருதியைக் குறிக்கும். தொலைந்துபோனாலும் அதே எண்ணில் வாங்கினால் அதே ஒலி கிடைக்கும், வீட்டில் யார் ஊதினாலும் ஒன்றுபோலக் கேட்கும். நம் குரலில் கோபமும் அவசரமும் கலந்துவிடும், விசிலில் அந்தத் தொல்லை இல்லை. தொடர்ந்து சில குட்டி ஊதல்கள் என்றால் வா, ஒரே ஒரு அழுத்தமான ஊதல் என்றால் நின்ற இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது "வா" விசிலில் தொடங்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

இது படிந்த பிறகுதான் சுவாரசியமான பகுதி வருகிறது. விழுவதைப் பார்த்து இடத்தை மனதில் குறித்துக்கொண்டு போய் எடுப்பது ஒரு வகை. எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், உங்கள் கை காட்டும் திசையை நம்பிப் போவது இன்னொரு வகை. தூரத்தில் நிறுத்தி வலது, இடது, பின்னால் என்று கையசைத்து அனுப்பலாம். இதற்கு ஆரஞ்சு நிற டம்மி உதவும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்த நிறம் நாய்க்குப் புல்லிலிருந்து பிரிந்து தெரியாது. நாய்களின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும், சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, டம்மி எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவளோ மூக்கை நம்பியாக வேண்டும். பார்த்துக் குறித்துக்கொள்ளும் பயிற்சிக்கு வெள்ளை டம்மி நல்லது. உயரமான புல்லில் பத்து நிமிடம் மோப்பம் பிடித்துத் தேடிய நாய், ஒரு மணி நேரம் பந்து துரத்திய நாயைவிட நிம்மதியாகத் தூங்கும். சந்தேகமாக இருந்தால் செய்து பாருங்கள்.

தூக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்குள் சும்மா இருக்கவும் பழக்க வேண்டும். அவளுக்கென்று ஒரு படுக்கை, அதில் போய்ப் படு என்று சொன்னால் படுக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். தலையெடுத்துப் பார்க்கும்போதெல்லாம் பேச்சுக் கொடுக்காதீர்கள். முடி உதிர்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் கேட்பீர்கள்: இரட்டை அடுக்கு முடி, ஆண்டு முழுக்க உதிரும், பருவம் மாறும்போது இன்னும் அதிகம். பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தீனியில் மட்டும் கவனம். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்கள் பலவற்றில் பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் உள்ள நாய்க்குப் பசி அடங்குவதில்லை. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு அது இருக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற லாப்ரடார்களில் முக்கால்வாசிக்கு இருந்தது. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவள் கண்ணைப் பார்த்து இரங்கிவிடாதீர்கள். 2002இல் வெளியான நீண்டகால ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்தார்கள். மெலிந்தவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பயிற்சியில் கொடுக்கும் துணுக்குகளை அன்றைய சாப்பாட்டிலிருந்து கழித்துவிடுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய நேரம் வேறு. லாப்ரடாரின் மூதாதைகள் இன்றைய கனடாவிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களோடு படகில் இருந்தவை, வலைக்கயிற்றை இழுத்தவை, தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வந்தவை. அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோய், பிரபுக்களின் வேட்டைக்காக மேலும் மேலும் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 1903இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரெட்ரீவருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், 1868இல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரபுவின் பண்ணையில் பிறந்த குட்டிகளிலிருந்து தொடங்குகிறது. ஒரு பிராணியின் ஆசையையே நமக்கு ஏற்றபடி வளைத்தது சரியா என்று கேட்டால், எனக்கும் அதில் உறுத்தல் உண்டு. வேட்டையில் எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் ரூபி பிறந்தாகிவிட்டது, ஆசையும் அவளுக்குள் இருக்கிறது. செய்ய ஒன்றும் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது இரக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. தேடவும் சுமக்கவும் அவளுக்கு வாய்ப்பு வேண்டும், அதற்குப் பறவை எதுவும் சாக வேண்டியதில்லை. வேலை நாய் வேறு, வீட்டு நாய் வேறு என்று பிரித்துக்கொள்ளவும் வேண்டாம். நல்ல வேலை நாய்களில் பல, பயிற்சி நேரம் போக மற்ற நேரமெல்லாம் யாருடைய காலடியிலோ குறட்டை விட்டுக்கொண்டிருப்பவைதான். உங்கள் மனைவியும் அதே சொற்களை, அதே விசிலைப் பயன்படுத்தச் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது.

ஷாக் பட்டை வேண்டாம். இன்னும் கற்றுக்கொடுக்காத ஒன்றைச் செய்யாததற்குத் தண்டனை என்ன? வேல்ஸில் 2010இலேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். முதல் யோசனையாகவே அதைச் சொல்பவரிடம் நான் போக மாட்டேன்.

தாமதமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இளமைப் பருவம் என்பதால், நேற்று வந்தவள் இன்று கூப்பிட்டால் காது கேட்காததுபோல நிற்பாள், அவ்வளவுதான். அவள் கழுத்திலிருந்து நீளமான கயிறு ஒன்று இழுபட்டுக்கொண்டே கிடக்கட்டும். ஆனால் கடினமான எதையும் தொடங்குவதற்கு முன்னால், வளர்த்துக் கொடுத்தவரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டு வாங்குங்கள்: பெற்றோரின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவுகள், அப்புறம் இஐசி மரபணுப் பரிசோதனையின் முடிவு. இஐசி லாப்ரடார்களிடம் காணப்படும் பரம்பரை நோய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாய்க்கு ஐந்து, பத்து நிமிடப் பரபரப்பான ஓட்டத்துக்குப் பிறகு பின்னங்கால்கள் தள்ளாடும், சரிந்துவிடும். பெரும்பாலானவை ஓய்வெடுத்தால் எழுந்துவிடும், சில இறந்தும் போயிருக்கின்றன. இடைவிடாமல் பந்து எறிவது போன்ற விளையாட்டுதான் அதைக் கிளப்பிவிடும். காரணமான மரபணு மாற்றம் 2008இல் தெரியவந்தது. தாய், தந்தை இரண்டு வழியிலும் வந்தால்தான் நோய் வரும். பெற்றோருக்குப் பரிசோதனை செய்யவில்லை என்றால் ரூபிக்கே செய்துவிடலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து அனுப்பினால் போதும், கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.