ட்ரினோவிலிருந்து டேட்டா கேட்டலாக்குக்கு மெட்டாடேட்டா: கேள்வி பதில்

ட்ரினோவை டேட்டாஹப், ஓப்பன்மெட்டாடேட்டா போன்ற டேட்டா கேட்டலாக்குகளோடு (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் இடம்) இணைப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. டேபிள்களைப் பற்றிய விவரம்தான் மெட்டாடேட்டா; அதை எடுத்துவந்து டேட்டா கேட்டலாக்கில் சேர்க்கும் ஓட்டம் இன்ஜெஷன். பலர் கேட்டது ஒன்றாகவே இருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் டேட்டாஹப்பை வைத்தே கேட்டிருப்பதால் என் பதில்களிலும் அதுதான் அதிகம் வருகிறது.

கேள்வி: அக்கா, நான் இந்த வேலைக்குப் புதுசு. இன்ஜெஷன் ஓடும்போது ட்ரினோவில் எதைப் படிக்கிறது? மெட்டாடேட்டா எல்லாம் ட்ரினோவுக்குள்ளேயா இருக்கிறது?

பதில்: அங்கே இல்லை தம்பி. இதை முதலில் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் உங்களுக்கு வராது. ட்ரினோ ஒரு குவெரி எஞ்சின், அதாவது எஸ்க்யூஎல் கேள்விகளை ஓட்டித் தருவது. தரவும் டேபிள்களின் விவரமும் வேறு இடங்களில் இருக்கின்றன. ட்ரினோவின் தலைமை சர்வரான கோஆர்டினேட்டரில், ஈடிசி ஃபோல்டருக்குள், கேட்டலாக் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலும் ஒரு ட்ரினோ கேட்டலாக். (டேட்டா கேட்டலாக் வேறு, இது வேறு.) ஒன்று ஹைவ் டேபிள்களின் விவரத்தை வைத்திருக்கும் ஹைவ் மெட்டாஸ்டோரைச் சுட்டும், இன்னொன்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைச் சுட்டும்.

ஒவ்வொரு ட்ரினோ கேட்டலாக்கிலும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா தானாகவே இருக்கும். இன்ஜெஷன் அதில்தான் ஸ்கீமாக்கள், டேபிள்கள், நெடுவரிசைகள், வியூக்களின் எஸ்க்யூஎல் எல்லாவற்றையும் கேட்கிறது. டேபிள்மேல் எழுதப்பட்ட கமென்ட் மட்டும் சிஸ்டம் என்ற தனிக் கேட்டலாக்கிலிருந்து கிடைக்கிறது. கேள்வி வந்த அந்த நேரத்தில் ட்ரினோ, மூலத்தோடு பேசும் பகுதியான கனெக்டர் வழியாக மூலத்திடம் கேட்கும். கேட்பவருக்கு எதையெல்லாம் பார்க்க அனுமதி உண்டு என்று பார்க்கும். பிறகுதான் பதில் தரும். ஆக, உங்கள் டேட்டா கேட்டலாக்கில் வந்து சேர்வது அந்த இன்ஜெஷன் யூசரின் கண்ணில் பட்டது மட்டும்தான்.

கேள்வி: இன்ஜெஷனுக்கான அமைப்புகளை எழுதும் ரெசிப்பி ஃபைலில் டேட்டாபேஸ் என்ற இடத்தில் எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்தேன். கேட்டலாக் இல்லை என்று எரர் வருகிறது.

பதில்: அங்கே ட்ரினோ கேட்டலாக்கின் பெயர் வர வேண்டும், அதாவது அந்த ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலின் பெயர். ட்ரினோவில் ஒரு டேபிளின் முழுப்பெயர் கேட்டலாக், ஸ்கீமா, டேபிள் என்று மூன்றடுக்காக இருக்கும். ரெசிப்பியில் டேட்டாபேஸ் என்பது அதன் முதல் அடுக்கு. ஒரு ரெசிப்பிக்கு ஒரு ட்ரினோ கேட்டலாக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேட்டலாக் இருந்தால் ஐந்து ரெசிப்பி. கொஞ்சம் அலுப்பாக இருந்தாலும், ஒன்று விழுந்தால் மற்ற நான்கும் ஓடும்.

கேள்வி: என் லேப்டாப்பில் டாக்கரில் ட்ரினோவும் டேட்டாஹப்பும் ஓடுகின்றன. பிரவுசரில் ட்ரினோ பக்கம் திறக்கிறது. டேட்டாஹப் திரையிலிருந்து இன்ஜெஷனைத் தொடங்கினால் மட்டும் கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு. ஏன் மேடம்?

பதில்: திரையிலிருந்து தொடங்கும் இன்ஜெஷன் உங்கள் லேப்டாப்பில் நேரடியாக ஓடுவதில்லை, டேட்டாஹப் ஆக்ஷன்ஸ் கன்டெய்னருக்குள் ஓடுகிறது. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, ஹோஸ்ட் இடத்தில் ட்ரினோ சர்வீஸின் பெயரைக் கொடுங்கள்.

போர்ட்டையும் பாருங்கள். ட்ரினோவின் வழக்கமான போர்ட் 8080. டேட்டாஹப்பின் மெட்டாடேட்டா சர்வர் வெளியே திறப்பதும் 8080தான். (9002 அதன் திரை மட்டும்.) ஒரே கணினியில் இரண்டையும் வைத்தால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது கன்டெய்னருக்கு வெளியே தெரியும் போர்ட் மட்டும் மாறும், உள்ளே ட்ரினோ அதே 8080இல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். சர்வீஸ் பெயரால் இணைக்கும்போது உள்போர்ட்டைக் கொடுங்கள்.

கேள்வி: யூசர்நேம், பாஸ்வேர்ட் இரண்டும் சரி. ஆனால் எஸ்எஸ்எல், ராங் வெர்ஷன் நம்பர் என்று எரர் வருகிறது. நாங்கள் எஸ்எஸ்எல் பயன்படுத்தவே இல்லையே!

பதில்: பிரச்சினையே அதுதான். ட்ரினோவின் பைதான் கிளையன்ட், சாதாரண எச்டிடிபி வழியாகப் பாஸ்வேர்டை அனுப்பாது. எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைதான் லைப்ரரி வழியாக இணைக்கும்போது பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் அது தானாகவே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிடும். எதிரே 8080இல் சாதாரண எச்டிடிபி நின்றுகொண்டிருந்தால், பேச ஆரம்பித்த முதல் வரியிலேயே இரண்டுக்கும் ஒத்துவராது. நீங்கள் பார்த்த எரர் அங்கிருந்து வருகிறது, வெர்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் ட்ரினோவில் ஆதென்டிகேஷன் வைக்கவே இல்லை என்றால் பாஸ்வேர்ட் வரியை எடுத்துவிடுங்கள், யூசர்நேம் மட்டும் போதும். வைத்திருந்தால் எச்டிடிபிஎஸ் போர்ட்டைக் கொடுங்கள். பல இடங்களில் அது 8443. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கம்) முன்னால் நிற்கும் லோட் பேலன்சரிலேயே முடிந்துவிடும் அமைப்பு என்றால், கோஆர்டினேட்டரின் கன்ஃபிக்கில் எச்டிடிபி சர்வர் ப்ராசஸ் ஃபார்வர்டட் என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் லோட் பேலன்சரிலிருந்து சாதாரண எச்டிடிபியாக வரும் கோரிக்கையின் பாஸ்வேர்டை ட்ரினோ ஏற்காது.

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய ப்ரெஸ்டோ டிரைவர். அதையே ட்ரினோவுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஃபேஸ்புக்கில் 2012இல் தொடங்கி 2013இல் ஓப்பன் சோர்ஸான ப்ரெஸ்டோவிலிருந்து 2019இல் ப்ரெஸ்டோஎஸ்க்யூஎல் பிரிந்தது. 2020 டிசம்பரில் அதற்கு ட்ரினோ என்று பெயர் வந்தது. அதன்பின் 351ஆம் பதிப்பிலிருந்து கிளையன்ட் அனுப்பும் ஹெடர்களின் பெயரும் மாறிவிட்டது. பழைய டிரைவர் அனுப்பும் யூசர் பெயர் புதிய சர்வருக்குத் தெரியவே தெரியாது. பழைய ஹெடரை ஏற்கச் சொல்ல சர்வரில் ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு, ஆனால் டிரைவரை மாற்றுவதுதான் நல்லது.

கேள்வி: அக்கா, இன்ஜெஷன் பச்சையாக முடிகிறது. ஒரு எரரும் இல்லை. ஆனால் நானூறுக்கும் மேல் டேபிள் இருக்கும் இடத்தில் முப்பது நாற்பதுதான் வருகிறது. லாக்கை எத்தனை தடவை படித்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: லாக்கில் கிடைக்காது. இந்த இணைப்பிலேயே மிக ஆபத்தான இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அனுமதி இல்லாத டேபிளிலிருந்து செலக்ட் செய்தால் ட்ரினோ ஆக்சஸ் டினைட் என்று முகத்துக்கு நேரே சொல்லும். பட்டியல் கேட்டால் அப்படிச் சொல்லாது. யூசர் பார்க்கக் கூடாத டேபிள்களைச் சத்தமில்லாமல் வடிகட்டிவிட்டு மீதியைத் தரும். ஃபைல் வழி அனுமதி விதிகளானாலும், ரேஞ்சர், ஓப்பன் பாலிசி ஏஜென்ட் போன்ற அனுமதிக் கருவிகளானாலும் இதே நடத்தைதான். பாதுகாப்புக் கோணத்தில் அது சரி. ஒரு டேபிள் இருக்கிறது என்பதே சிலருக்குத் தெரியக் கூடாது. ஆனால் இன்ஜெஷனுக்கு முப்பது டேபிள் வந்தால் உலகத்தில் இருப்பதே முப்பதுதான்.

சோதிக்கும் முறை: உங்கள் சொந்த யூசரை ஒதுக்கிவையுங்கள். ரெசிப்பியில் இருக்கும் அதே யூசராக ட்ரினோ கமாண்ட் லைனில் நுழைந்து, ஷோ ஸ்கீமாஸ், பிறகு ஒரு ஸ்கீமாவில் ஷோ டேபிள்ஸ் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே குறைவாக இருந்தால் டேட்டாஹப்பைக் குடைய வேண்டியதில்லை, அனுமதி விதியைத் திருத்துங்கள்.

அங்கே நானூறும் தெரிந்தால் அடுத்து பார்க்க வேண்டியது ரெசிப்பியின் டேபிள் பேட்டர்ன். அந்த ரெஜெக்ஸ் (பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் வடிவம்), கேட்டலாக் புள்ளி ஸ்கீமா புள்ளி டேபிள் என்ற முழுப்பெயரோடு, முதல் எழுத்திலிருந்தே ஒப்பிடப்படுகிறது. ஆர்டர்ஸ் என்று மட்டும் எழுதினால் ஹைவ் புள்ளி சேல்ஸ் புள்ளி ஆர்டர்ஸ் பொருந்தாது. முன்னால் எதுவும் வரலாம் என்பதற்குப் புள்ளியும் நட்சத்திரமும் சேர்க்க வேண்டும். புள்ளியைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ள அதற்கு முன் பேக்ஸ்லாஷ் வேண்டும்.

அதே நண்பர்: அனுமதிதான் காரணம், திருத்திவிட்டேன். ஆனால் இனி யாராவது அந்த அனுமதியைத் தவறுதலாக எடுத்துவிட்டால்?

பதில்: இது முந்தையதைவிட முக்கியமான கேள்வி. ஸ்டேட்ஃபுல் இன்ஜெஷனும் (போன ஓட்டத்தை நினைவில் வைப்பது) ஸ்டேல் மெட்டாடேட்டா நீக்கமும் (இப்போது இல்லாததை நீக்குவது) இயங்கிக்கொண்டிருந்தால், போன தடவை வந்து இந்தத் தடவை வராத டேபிள்களை டேட்டாஹப் நீக்கப்பட்டவையாகக் குறித்துவிடும். ட்ரினோ எரர் கொடுத்திருந்தால் அது தயங்கும். பட்டியல் மட்டும் சுருங்கினால் உண்மையிலேயே ட்ராப் ஆகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளும். இதற்குத் தடையாக ஃபெயில் சேஃப் த்ரெஷோல்டு என்றொரு எண் இருக்கிறது. அது இயல்பாக 75. அதாவது மாற்றம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீக்கத்தை நிறுத்திவைக்கும். என் கருத்தில் புரொடக்ஷனுக்கு இது மிகத் தளர்வு. ஒரு ஸ்கீமாவின் அனுமதி போய் பாதி டேபிள்கள் காணாமல் போனாலும் மாற்றம் 75ஐ எட்டாது! நான் 20க்குக் கீழே வைக்கச் சொல்வேன். நிஜமாகவே பெரிய சுத்தம் செய்யும் நாளில் கையால் ஏற்றிக்கொள்ளலாம். இந்த நீக்கம் சாஃப்ட் டெலீட் (அழிக்காமல் மறைப்பது மட்டும்) என்பதால் அனுமதி திரும்பியதும் அடுத்த ஓட்டத்தில் டேபிள்கள் வந்துவிடும். அதுவரை தேடியவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: ஹைவ் மெட்டாஸ்டோரையும் போஸ்ட்கிரெஸையும் ஏற்கனவே நேரடியாக இணைத்திருக்கிறோம். இப்போது ட்ரினோவும் சேர்ந்ததும் ஒரே டேபிள் இரண்டு தடவை தெரிகிறது. எதை வைப்பது?

பதில்: இரண்டையும் வைக்கலாம், ஆனால் எது மூலம் என்பதை முடிவு செய்துவிட்டு. டேபிளின் சொந்தக்காரர், விளக்கம், டேக் எல்லாம் மூலத்தின் பக்கத்தில் இருக்கட்டும். ட்ரினோ பக்கம், யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கும், ட்ரினோவிலேயே உருவாக்கிய வியூக்களுக்கும். டேட்டாஹப்பின் ட்ரினோ இணைப்பு, கேட்டலாக் எந்தக் கனெக்டரைச் சுட்டுகிறது என்று பார்த்து மூல டேபிளுக்கு லினியேஜ் கோடு (எது எதிலிருந்து வந்தது என்று காட்டுவது) போடும். இரண்டுக்கும் ப்ளாட்ஃபார்ம் இன்ஸ்டன்ஸ் (ஒரே வகை மூலங்கள் பல இருந்தால் பிரித்துக் காட்டும் பெயர்) வைத்திருந்தால் அதையும் ரெசிப்பியில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோடு, இல்லவே இல்லாத ஒரு டேபிளைப் போய்த் தொடும்.

கோடு அறுந்துபோக இன்னொரு காரணம் எழுத்து. ட்ரினோ எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தில்தான் காட்டும். போஸ்ட்கிரெஸில் மேற்கோள் குறிக்குள் பெரிய எழுத்தோடு ஒரு டேபிளை உருவாக்கியிருந்தால், நேரடி இணைப்பில் ஒரு பெயர், ட்ரினோவில் வேறு பெயர். டேட்டா கேட்டலாக்குக்கு அவை இரண்டு வெவ்வேறு டேபிள்கள். இரண்டு பக்கமும் சின்ன எழுத்தாக்கும் அமைப்பை முதல் ஓட்டத்துக்கு முன்பே தீர்மானியுங்கள். பாதியில் மாற்றினால் பழைய பெயரில் எழுதிய விளக்கங்கள் எல்லாம் பழைய பெயரோடேயே நின்றுவிடும்.

கேள்வி: ஐஸ்பர்க் என்ற டேபிள் ஃபார்மட்டுக்கான கேட்டலாக்குக்கு மட்டும் இன்ஜெஷன் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஹைவ் சீக்கிரம் முடிகிறது.

பதில்: ஹைவ் டேபிளின் நெடுவரிசைகள் மெட்டாஸ்டோரில் இருக்கின்றன. ஐஸ்பர்க்கில் அவை ஸ்டோரேஜில் கிடக்கும் மெட்டாடேட்டா ஃபைலுக்குள் இருக்கின்றன. ஆயிரம் டேபிள் என்றால் ஆயிரம் ஃபைலைத் திறக்க வேண்டும். ஸ்கீமா பேட்டர்னைச் சுருக்கி, கேட்டலாக்கைப் பல ரெசிப்பிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய அளவுக்கு வரும்.

ஆனால் மணிக்கணக்கு என்றால் முதலில் நான் சந்தேகப்படுவது ப்ரொஃபைலிங்கை. அது மெட்டாடேட்டா கேட்பதல்ல, டேபிளையே ஸ்கேன் செய்வது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எத்தனை வேறுபட்ட மதிப்பு, எத்தனை நல் (மதிப்பே இல்லாத இடம்) என்று எண்ணும் குவெரிகள் உங்கள் மற்ற யூசர்களின் வேலையோடு போட்டி போடும். முதலில் அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தேவை என்றால் டேபிள் அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜெஷன் யூசருக்கென ஒரு ரிசோர்ஸ் க்ரூப் உருவாக்கி, ஒரே நேரத்தில் ஓரிரண்டு குவெரிக்கு மேல் ஓடாதபடி கட்டுப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் ப்ரொஃபைலிங்கைத் திறந்துவிடுவது சக ஊழியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: எந்த டேபிளை யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று காட்ட வேண்டும். சிஸ்டம் கேட்டலாக்கில் ரன்டைம் குவெரிஸ் டேபிள் இருக்கிறதே, தினம் ஒரு தடவை அதைப் படித்தால் போதாதா?

பதில்: போதாது. அது கோஆர்டினேட்டரின் மெமரியில் இருப்பது. முடிந்த குவெரிகளில் இயல்பாக 100தான் வரலாற்றில் நிற்கும்; அந்த எண்ணைத் தாண்டினால், 15 நிமிடம் ஆனவை வெளியேறத் தொடங்கும். ரீஸ்டார்ட் ஆனால் எதுவும் மிஞ்சாது. தினம் ஒரு தடவை படித்தால் படிப்பதற்குச் சற்று முன் ஓடியவை மட்டும் கிடைக்கும், அதை வைத்து யாரும் பயன்படுத்தவில்லை என்று ஒரு டேபிளை நீக்கினால் விபரீதம்.

இதற்கான சரியான வழி ஈவென்ட் லிஸனர். ஒவ்வொரு குவெரி முடியும்போதும் ட்ரினோ ஒரு நிகழ்வை வெளியே அனுப்பும்: யார் ஓட்டினார், எஸ்க்யூஎல் என்ன, எந்த டேபிளின் எந்த நெடுவரிசைகளைப் படித்தது, எதில் எழுதியது. எழுதும் குவெரியில், எந்த நெடுவரிசை எதிலிருந்து வந்தது என்பதும் அதிலேயே இருக்கும். எச்டிடிபி, காஃப்கா, மைஎஸ்க்யூஎல், ஓப்பன்லினியேஜ் என்று லிஸனர்கள் ட்ரினோவோடேயே வருகின்றன. எஸ்க்யூஎல்லை வெளியே பார்ஸ் செய்து ஊகிப்பதைவிட, எஞ்சினே சொல்வதை நம்பலாம்.

கேள்வி: எவ்வளவுக்கு ஒரு முறை ஓட்டலாம்?

பதில்: பெரும்பாலான இடங்களுக்குத் தினம் ஒரு தடவை, கிளஸ்டர் சும்மா இருக்கும் நேரத்தில்.

கேள்வி: டேட்டாஹப் திரையில் நாங்கள் எழுதிய விளக்கத்தை அடுத்த இன்ஜெஷன் அழித்துவிடுமா அக்கா? ட்ரினோவிலும் கமென்ட் இருக்கிறது.

பதில்: அழிக்காது. திரையில் எழுதியதும் மூலத்திலிருந்து வந்ததும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன; திரையில் எழுதியதே முன்னால் தெரியும். அதில் ஒரு சிக்கலும் உண்டு: பின்னால் யாராவது ட்ரினோவில் கமென்ட் ஆன் டேபிள் என்று புதிய விளக்கம் எழுதினாலும் பழையதுதான் தெரிந்துகொண்டிருக்கும். டேபிளை உருவாக்குபவர்களே விளக்கமும் எழுதும் குழு என்றால் ட்ரினோவில் எழுதுங்கள், எஸ்க்யூஎல் கோடோடு சேர்ந்து ரிவ்யூ ஆகும். எழுதுபவர்கள் வேறு துறையினர் என்றால் திரையில் எழுதட்டும். ஒரே ஸ்கீமாவில் இரண்டையும் கலக்காதீர்கள்.