வாசகர் கேள்வி பதில்: ஃபியூகும் மூச்சும்

கேள்வி: வணக்கம் சார். நாங்க நாலு பேர், ரெண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன். பாக்கோட வெல் டெம்பர்ட் கிளாவியர்ங்கற கீபோர்டு தொகுப்போட ரெண்டாம் புத்தகத்துல இருக்கற ஈ மேஜர் ஃபியூகை நாலு பார்ட்டா பிரிச்சு எழுதினேன். நோட்டு எல்லாம் சரியா இருக்கு, ஆனா வாசிச்சா ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே சத்தமா கேக்குது. ஏன்?

பதில்: அருமையான ஃபியூக் எடுத்திருக்கீங்க. ஃபியூக்னா ஒரே மெட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு குரலா, அதாவது ஒவ்வொரு பார்ட்டா, உள்ள வர்ற வடிவம், அந்த மெட்டுக்குப் பேர்தான் சப்ஜெக்ட். இதுல சப்ஜெக்டே ஆறு நோட்டுதான், நம்ம ஸ்வரத்துல சொன்னா ஸ ரி ம க ரி ஸ, நிதானமா, பாடற மாதிரி வரும், பித்தளை வாத்தியத்துல கேக்க அவ்வளவு நல்லா இருக்கும்.

இப்ப விஷயம் என்னன்னா, பியானோவுல ஒரு கட்டையை அழுத்தினா சத்தம் அந்த நிமிஷத்துல இருந்தே தேய ஆரம்பிச்சிடும், அதனால அடுத்த குரல் உள்ள வரும்போது அதுக்கு தானா இடம் கிடைச்சிடும், டிரம்பெட்ல அப்படி இல்ல, ஊதற வரைக்கும் அதே கனத்துல நிக்கும். அந்தத் தேய்மானத்தை நீங்கதான் எழுதணும். நீளமான நோட்டு ஒவ்வொண்ணும் ஆரம்பிச்சதும் தணியணும்னு குறி போடுங்க, ஸ ரி ம க வர்ற இடத்துல மட்டும் நேரா ஊதட்டும். அதோட சப்ஜெக்டுக்கு முன்னாடி மூச்சுக்குறி போடுங்க, நடுவுல வேண்டவே வேண்டாம். அந்தச் சின்ன இடைவெளியே "இதோ வர்றேன்"னு சொல்லிடும்.

ஸ்கேலையும் மாத்துங்க. ஈ மேஜர்னா பி ஃப்ளாட் டிரம்பெட்காரர் (அவருக்கு நோட்டை ஒரு முழு ஸ்வரம் ஏத்திதான் எழுதணும்) ஆறு ஷார்ப் படிக்கணும், அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃப்ளாட்ல எழுதினா ஒரே ஒரு ஃப்ளாட், ஹார்னுக்கு ரெண்டு. அடில ரொம்ப இறங்கினா எஃப் ட்ரிக்கர் (குழாயோட நீளத்தைக் கூட்டி இன்னும் கீழ இறங்க விடற விசை) உள்ள டிராம்போன் வேணும், அதை மட்டும் பாத்துக்கங்க. பாக்கோட ஸ்கேலை மாத்தலாமான்னு தயங்காதீங்க, 1782ல மொசார்ட் இதே புத்தகத்துல இருந்து அஞ்சு ஃபியூகை ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கு எழுதினப்போ டி ஷார்ப் மைனரை டி மைனருக்கு இறக்கிட்டார்.

கேள்வி: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூனுக்கு பாக்கோட ஆர்ட் ஆஃப் ஃபியூக் தொகுப்புல இருந்து ஒண்ணை எழுதறேன். ரெண்டாவது குரல் ஒரு இடத்துல ஏ வரைக்கும் இறங்குது, ஓபோவுல அது கிடையாது. அந்த ஒரு நோட்டை மட்டும் ஆக்டேவ் மேல தூக்கிட்டேன், தப்பா?

பதில்: தப்புதான், மன்னிச்சுக்கங்க. ஒரு வரியில திடீர்னு ஒரே ஒரு நோட்டு குதிச்சா கேக்கறவங்களுக்கு அது புது குரல் வந்த மாதிரி இருக்கும், ஃபியூக்ல அதை விட பெரிய குழப்பம் இல்ல. டி மைனர்ல இருக்கற மொத்தத்தையும் ஒரு முழு ஸ்வரம் ஏத்தி ஈ மைனர்ல எழுதுங்க. ஓபோவோட கடைசி நோட்டு பி ஃப்ளாட், உங்க ஏ இப்போ பி ஆயிடுச்சு, வந்துடும். மூணாவது குரல் சி வரைக்கும் இறங்கினாலும் டி ஆகிடும், பி ஃப்ளாட் கிளாரினெட்டோட கடைசி நோட்டும் சரியா அதுதான். ஏத்த முடியலேன்னா, ஒரு ரெஸ்ட்ல (வாசிக்காம நிறுத்தற இடம்) இருந்து அடுத்த ரெஸ்ட் வரைக்கும் ஓபோவும் கிளாரினெட்டும் வரியை மாத்திக்கட்டும், பாதி வாக்கியத்துல மாத்தாதீங்க.

இன்னொண்ணு, ஃப்ளூட்காரருக்கு மூச்சு தீர்ந்து போகும், ஓபோவுக்கு நேர் எதிர், காத்து உள்ளயே அடைச்சு நிக்கும், பழசை வெளிய விட்டுட்டுதான் புதுசு இழுக்க முடியும். அதனால ஓபோவுக்கு மூச்சுக்குறி போடற இடத்துல கொஞ்சம் பெரிய ரெஸ்டா பாத்து போடுங்க.