ஓய்வு பெறும் அறுவை சிகிச்சை மருத்துவரின் கைத்திறமை அதோடு வீணாகிவிடுமா?

ஆக வேண்டியதில்லை. மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு வாடகை இடத்தில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவர் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு பழகினார். வாழ்நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனால் கைத்திறமை மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரவிந்தில் அறுவை அரங்கைப் பார்த்தால் புரியும்: ஒரு மேசையில் டாக்டர் கண்புரையை அகற்றிக்கொண்டிருப்பார், பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை செவிலியர்கள் தயாராக வைத்திருப்பார்கள். இது முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அங்கே திருப்பிவிடலாம், டாக்டரின் நேரம் வீணாகாது. செவிலியர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள், அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். பணம் கொடுக்கும் நோயாளிகளிடமிருந்து வரும் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடந்தது.

அப்புறம், கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ். இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே மலிவாகத் தயாரித்தார்கள்.

எல்லா டாக்டரும் மருத்துவமனை கட்ட முடியாது, சரி. ஆனால் ஓய்வு பெற்றவர் இளையவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம், ஊர் ஊராகக் கண் முகாம்களுக்குப் போகலாம். கை நடுங்கத் தொடங்கினால் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்; அதில் சமரசமே கூடாது.