தங்க விளிம்புத் தட்டு: முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதுமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பழைய பொருள் சந்தை ஒன்றில் 12 பேருக்கான லிமோஷ் பீங்கான் டின்னர் செட் பார்த்தேன். விளிம்பெல்லாம் தங்கம். தட்டின் அடியில் பச்சையில் ஒரு முத்திரை, சிவப்பில் இன்னொன்று. இரண்டு முத்திரை இருந்தால் போலியா? வாங்கினால் அதில் சாப்பிடலாமா, அலமாரியில்தான் வைக்க வேண்டுமா?

பதில்: இரண்டு முத்திரை இருப்பது நல்ல அறிகுறிதான். பச்சை முத்திரை கிளேஸுக்கு, அதாவது பீங்கானின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சுக்கு, அடியில் இருக்கும். அது தட்டைச் சுட்டெடுத்த ஆலையுடையது. சிவப்பு கிளேஸின் மேல் இருக்கும். படம் வரைந்து தங்கம் பூசிய பட்டறையுடையது. இரண்டிலும் ஒரே பெயர், உதாரணமாக ஹவிலாண்ட் என்ற பீங்கான் நிறுவனத்தின் பெயர், இருந்தால் எல்லா வேலையும் ஒரே நிறுவனத்தில் நடந்திருக்கிறது, விலையும் கூடும். பச்சை மட்டும் இருந்தால், வெள்ளைத் தட்டாக விற்று வெளியே யாரோ வரைந்திருக்கலாம். அமெரிக்காவில் அப்படி வீட்டில் வரைந்தவர்கள் ஏராளம்.

லிமோஷ் ஒரு கம்பெனி அல்ல, ஊர். பக்கத்தில் சேன்திரியேயில் 1760களில் பீங்கான் செய்யத் தேவையான கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கிடைத்ததும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. அதனால் லிமோஷ் என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். 'பிரான்ஸ்' என்றும் அச்சாகியிருந்தால், பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட காலம் அது. பின்னிய இரண்டு 'எல்' எழுத்துகளும் அரச குடும்பத்துப் பெண்களின் முகமும் இருக்கும் 'செவ்ர்' (பிரெஞ்சு அரசர்களின் பீங்கான் ஆலை) தட்டை யாராவது நீட்டினால் நிதானமாக இருங்கள். அந்த முத்திரையை 19ஆம் நூற்றாண்டில் கணக்கில்லாமல் காப்பியடித்திருக்கிறார்கள்.

சரி, இப்போது தங்கத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் முத்திரையைவிட அதுதான் முக்கியம். பீங்கான் சுமார் 1400 டிகிரியில் சுடப்படுகிறது. தங்கம் அதற்குப் பிறகு, மிகக் குறைந்த சூட்டில், கிளேஸின் மேலே ஒட்டவைக்கப்படுகிறது. அதனால்தான் தேய்கிறது. மலிவான திரவத் தங்கம் சூளையிலிருந்து வெளிவரும்போதே கண்ணாடி போல் பளபளக்கும். படலம் மிக மெல்லியது. உயர்ந்த ரகம் மங்கலாகத்தான் வெளிவரும். பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் திருப்பினால் அந்தத் தேய்ப்பின் மெல்லிய கோடுகள் தெரியும். பளபளப்பும் பட்டு போல் அடக்கமாக இருக்கும். இன்னும் விலை உயர்ந்தது, அமிலத்தால் அரித்து வடிவம் போட்ட பட்டை. விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டுப்படும். மேடு மின்னும், பள்ளம் மங்கும்.

தங்கம் முதலில் போகும் இடங்கள் கோப்பையின் கைப்பிடி, வாய் விளிம்பு, சூப் பாத்திர மூடியின் குமிழ். தட்டின் நடுவில் கத்திக் கீறல்கள் நிறைய இருந்தும் விளிம்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், மறுபடி பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பித்தளை மாதிரி தட்டையான மஞ்சளாகத் தெரிந்தால் பெயின்ட். அப்புறம், 12 தட்டுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று செட்டுகளைக் கலந்து ஒன்றாக விற்பது சகஜம். தங்கப் பட்டையின் அகலமே காட்டிக் கொடுத்துவிடும்.

தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் டிஷ்வாஷரும் மைக்ரோவேவும் கூடாது. டிஷ்வாஷர் பவுடரின் காரம் தங்கத்தை அரிக்கும். மைக்ரோவேவில் பொறி பறக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பஞ்சு போதும். பித்தளை தேய்ப்பது போல் புளியும் சாம்பலும் எடுத்துவிடாதீர்கள். பழைய தட்டின் உட்பக்கத்தில் வண்ணப் பூ இருந்தால் ரசம், புளிக்குழம்பு ஊற்றாமல் இருப்பது நல்லது. அந்த வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். புளிப்பு அதைக் கரைக்கும். கேக், பழம், சாதாரண பலகாரம் வைக்கலாம்.

அடுக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஒரு துணி. மேல் தட்டின் அடி வளையத்தில் கிளேஸ் இருக்காது. சொரசொரப்பான அந்த வளையம்தான் கீழ்த் தட்டின் தங்கத்தைச் சுரண்டும். விற்பவர் துணி இல்லாமல் அடுக்கி வைத்திருந்தால், விலை பேச அதுவே நல்ல காரணம்.