மழைக்கால் தரை தொடாத ஊர்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் வேலை மாற்றலாகி அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. தினமும் காலையில் அவன் ஊர் வானிலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் பாலை அடுப்பில் வைக்கிறேன். ஜூலை பிறந்ததிலிருந்து 43 டிகிரி வெயில் என்றும், அதற்குக் கீழேயே ஆங்காங்கே இடியுடன் மழை, 20 விழுக்காடு என்றும் வருகிறது. பாலைவனத்தில் இடிமழையா? அந்த 20 விழுக்காட்டை எப்படிப் புரிந்துகொள்வது? அவனைக் குடை வாங்கச் சொல்லலாமா?
(வாசகி, குரோம்பேட்டை)

பதில்: அந்த இரண்டு வரிகளும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். ஜூன் மாதம் முழுவதும் ஃபீனிக்ஸ் இருக்கும் அரிசோனா மாநிலத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. தரை அவ்வாறு காய்ந்து சூடேறும்போது அதன்மேல் காற்றழுத்தம் குறைகிறது. வானின் மேலடுக்கில் உள்ள உயர் அழுத்தப் பகுதியும் வடக்கே நகர்ந்துவிட, காற்று திசை மாறி, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. இதையும் அவர்கள் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். பருவத்தைக் குறிக்கும் மவ்சிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த அதே சொல்தான் அது. முன்பெல்லாம் காற்றின் ஈரத்தைத் தொடர்ந்து மூன்று நாட்கள் அளந்து பார்த்து, பருவம் பிறந்துவிட்டது என்று ஃபீனிக்ஸில் அறிவித்து வந்தார்கள். 2008 முதல் அந்தச் சிரமம் இல்லை. ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று நாள்காட்டியிலேயே குறித்துவிட்டார்கள்.

ஈரம் வந்தவுடன் மழை கொட்டிவிடுவதில்லை. நகருக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மலைச் சரிவுகளில் நண்பகல் வெயில் காற்றைச் சூடாக்கி மேலே தூக்க, பிற்பகலில் அங்கே மேகம் திரண்டு, மாலையில் அதன் ஒரு பகுதி மட்டும் சமவெளியை நோக்கி இறங்கி வருகிறது. கத்திரி முடிகிற சமயத்தில் திருவள்ளூர்ப் பக்கம் மேகம் கட்டி, பொழுது சாயும்போது சென்னையில் இடி முழங்குகிறதே, அந்த வெப்பச்சலன மழைக்கு இது உறவுதான். நமக்குக் கடற்காற்று செய்கிற வேலையை அங்கே மலை செய்கிறது.

இனி அந்த 20 விழுக்காடு. உங்கள் மகன் இருக்கிற இடத்தில், முன்னறிவிப்பு சொல்லும் அந்த நேரத்துக்குள், கால் மில்லிமீட்டராவது மழை பதிவாவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மழை பெய்யும் என்றோ, மழை இலேசாக இருக்கும் என்றோ அது சொல்லவில்லை. வாய்ப்பு குறைவு, ஆனால் வந்தால் கடுமை என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கும். நம் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானிகளில் கால் பங்கு வரையிலும், "ஒரு சில இடங்களில்" என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரையிலும் மழை பதிவாகலாம் என்று பொருள். இதைப் படிக்காமலேயே நம் தெருவில் பெய்யவில்லை என்று அவர்களைத் திட்டுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. தாம்பரத்தில் கொட்டுகிற மழை குரோம்பேட்டை வருவதற்குள் நின்றுவிடுவதை நீங்களே எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள்.

குடையைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஃபீனிக்ஸில் 180 மட்டுமே. 2023-ஆம் ஆண்டின் மான்சூன் முழுவதற்கும் சேர்த்து அந்நகரில் பதிவான மழை 4 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. அங்கே மேகத்தின் அடிப்பகுதியே தரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருப்பதுண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் துளி, வழியில் உள்ள வறண்ட காற்றிலேயே ஆவியாகிவிடுகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் சாம்பல் நிறத்தில் மழைக்கால் இறங்குவது தெரியும். தரையைத் தொடுவதற்கு முன்பே அது நூல் நூலாகப் பிரிந்து மறைந்துவிடும். குடையைவிட மூக்கையும் வாயையும் மூட ஒரு கைக்குட்டை அவருக்கு அதிகம் உதவும். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: மழையே தரைக்கு வராது என்றால் அந்த இடிமழைக்கு ஏன் அத்தனை எச்சரிக்கை விடுகிறார்கள்?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். அப்படிக் குளிர்ந்த காற்று கனத்து, பொத்தென்று கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் சிதறி ஓடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக்கூட அது எட்டுவதுண்டு. காய்ந்த வயலும் பாலைமண்ணும் அதன் வழியில் இருந்தால், புழுதி ஒரு சுவராக எழுந்து நகரத் தொடங்கும். சூடானில் இதற்கு வழங்கும் ஹபூப் என்ற அரபுப் பெயரே அரிசோனாவிலும் நிலைத்துவிட்டது. 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய புழுதிச் சுவரின் உயரம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாது.

நெடுஞ்சாலையில் இதில் சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது, நம் வழக்கத்துக்கு நேர்மாறானது. வண்டியைத் தார் விளிம்பைத் தாண்டி முற்றிலும் ஓரமாக நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கைப்பிரேக்கைப் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதையே சாலையின் தடமாக நம்பி நேரே வந்து மோதிவிடுவார்.

மழை எட்டாவிட்டாலும் மின்னல் எட்டிவிடும். 2013 ஜூன் 28 அன்று யார்னெல் என்ற ஊருக்கு அருகில் மின்னல் விழுந்து காட்டுத்தீ மூண்டது. இரண்டு நாள் கழித்து, இடிமேகத்திலிருந்து இறங்கிய காற்று தீயின் போக்கையே திருப்பிவிட, அதை அணைக்கப் போயிருந்த வீரர்கள் 19 பேர் அதில் சிக்கி இறந்தார்கள்.

சில மேகங்கள் மழையையும் தரைக்கு அனுப்பிவிடும். இறுகிக் கிடக்கும் பாலைமண் அதைக் குடிப்பதில்லை. மலையில் பெய்தது, வானம் வெளுத்திருக்கும் இடத்தில் உள்ள வறண்ட ஓடையில் சிறிது நேரத்திலேயே வெள்ளமாக வந்து நிற்கும். தடுப்பை மீறி அந்த வெள்ளத்தில் வண்டியை இறக்கி மாட்டிக்கொள்பவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மூட ஓட்டுநர் சட்டம். நம் சுரங்கப்பாதைகளுக்கும் அப்படியொன்று வரலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை.

கேள்வி: ஃபீனிக்ஸில் இருப்பது வறண்ட வெயில், வியர்வை கசகசப்பு இல்லை, சென்னையைவிட மேல் என்று என் அண்ணி சொல்கிறார். உண்மையா?
(வாசகி, அடையாறு)

பதில்: கசகசப்பு இல்லை என்பது உண்மை, வியர்வை இல்லை என்பது பொய். ஊறிய வியர்வை ஊறியவுடனேயே உலர்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து நீர் போவது தெரிவதில்லை. ஆபத்தே அங்குதான். சென்னையில் 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி பதிவானதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபீனிக்ஸில் 1990 ஜூன் 26 அன்று 50 டிகிரி. 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரியைத் தாண்டியது. மான்சூன் ஈரமும் மேகமும் சேர்ந்துகொண்டால் இரவில்கூடத் தரை ஆறுவதில்லை. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று அங்கே இரவின் குறைந்தபட்ச வெப்பமே 36 டிகிரி. ஃபீனிக்ஸ் அடங்கிய மரிக்கோபா கவுன்டியில் வெப்பம் தொடர்பாக அவ்வாண்டு இறந்தவர்கள் 645 பேர்.

நண்பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது, தேங்காய்நார் விரிப்பிலிருந்து தவறிக் கருங்கல்லில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் அண்ணிக்குத் தெரிந்திருக்கும். அங்கே தார்ச்சாலை 70 டிகிரியைத் தாண்டுகிறது. தடுக்கி விழுந்து எழ முடியாமல் கிடப்பவர்கள் தீப்புண்ணோடு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள்.

கேள்வி: ஜோத்பூரில் உறவினர் வீட்டு ஏர் கூலர் குளுகுளுவென்று இருந்தது. அதே போல ஒன்றை இங்கே வாங்கி வைத்தால் சுவரெல்லாம் ஈரம், புழுக்கம் மட்டும் குறையவில்லை. கூலரில் கோளாறா?
(வாசகர், அண்ணா நகர்)

பதில்: கூலரில் கோளாறு இல்லை, ஊர்க் காற்றில்தான். நீர் ஆவியானால்தான் கூலர் குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அதற்கு இடமில்லை. ஜோத்பூரிலேயே ஜூலையில் மழைக்காற்று வந்துவிட்டால் இதே புகார் எழும். அரிசோனாவில் சில பழைய வீடுகளில் ஜூன் வரை கூலரை ஓட்டிவிட்டு, மான்சூன் பிறந்ததும் ஏசிக்கு மாறிக்கொள்கிறார்கள். நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் வெறும் விசிறியாக அதை ஓட்டி, சன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள், சுவராவது காயும்.